300 லிட்டர் ரத்தம், மூன்று நீளம்: ‘பிரெயின்டெட்’ படத்தில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

பீட்டர் ஜாக்சனின் ‘பிரெயின்டெட்’ படத்தை இன்று தேடிப் போகிறவருக்கு முதலில் தலைசுற்ற வைப்பது ரத்தம் அல்ல, ஓடும் நேரம். ஓரிடத்தில் 104 நிமிடம் என்றிருக்கும், இன்னோரிடத்தில் 97, மற்றோரிடத்தில் 85. ஐரோப்பிய டிவிடியில் 100 நிமிடத்தை ஒட்டி வரும். அமெரிக்காவில் பெயரே வேறு: ‘டெட் அலைவ்’. 85 நிமிடப் பதிப்பைப் பார்த்தவர் “குமட்டுகிறது” என்றும், 104 நிமிடத்தைப் பார்த்தவர் “வயிறு வலிக்கச் சிரித்தேன்” என்றும் சொன்னால், இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

ரத்தத்தைக் குறைத்த பதிப்புதானே பார்க்கச் சுலபமாக இருக்க வேண்டும்? இந்தப் படத்தில் நடப்பது நேர்மாறு. காரணம் புரிய, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

படம் எது, எங்கிருந்து வந்தது

1992இல் வெளியான நியூஸிலாந்துப் படம் இது. கதை நடப்பது 1957இல், வெலிங்டன் நகரில். சுமத்ரா எலிக்குரங்கு என்றொரு கற்பனை விலங்கை அங்குள்ள மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டு வருகிறார்கள். மகன் லயனல், பக்கீத்தா என்ற பெண்ணோடு அங்கே போகிறான். அவனை உளவு பார்க்கப் பின்தொடரும் தாய் வேராவை அந்தக் குரங்கு கடித்துவிடுகிறது. அவள் மெல்ல அழுகுகிறாள், சாகிறாள், ஜாம்பியாக எழுகிறாள். லயனல் அவளையும் அவளால் ஜாம்பியானவர்களையும் மயக்க மருந்து ஏற்றி நிலவறையில் ஒளித்து வைக்கிறான். சொத்துக்கு அடிபோடும் மாமா லெஸ் அதே வீட்டில் விருந்து வைக்கிறார். கடைசி அரை மணி நேரம் அந்த விருந்துதான்.

ஜாக்சனோடு திரைக்கதை எழுதியவர்கள் ஸ்டீபன் சின்க்ளேரும் ஃப்ரான் வால்ஷும். லயனலாகத் திமத்தி பால்ம், பக்கீத்தாவாக ஸ்பெயின் நடிகை டயானா பெனால்வேர், தாயாக எலிசபெத் மூடி நடித்தார்கள். ரத்தம், பொம்மை வேலைகளைக் கவனித்தவர் ரிச்சர்ட் டெய்லர். படத்தொகுப்பு ஜேமி செல்கர்க். பின்னாளில் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எடுத்த கூட்டத்தின் கரு இதுதான்.

மூன்று சொற்கள்

‘ஸ்பிளாட்டர்’ என்பது உடல் சிதைவதை மறைக்காமல், நீட்டி, வெளிச்சத்தில் காட்டும் திகில் வகை. ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்பது வழுக்கி விழுவதும் அடிபடுவதுமான உடல் நகைச்சுவை. பழைய இத்தாலிய நாடகங்களில் வலிக்காமல் சத்தம் மட்டும் எழுப்ப வைத்திருந்த இரட்டைப் பட்டைக் கோலிலிருந்து வந்த பெயர். இரண்டையும் ஒட்டிச் செய்த சொல் ‘ஸ்பிளாட்ஸ்டிக்’. அந்தக் கோலின் இலக்கணம் முக்கியம்: சத்தம் பெரிது, வலி இல்லை.

இந்தக் கலப்பு சினிமா கண்டுபிடித்ததல்ல. பாரிஸில் 1897 முதல் 1962 வரை நடந்த ‘கிராண்ட் கீன்யோல்’ நாடக அரங்கில் ஒரே மாலையில் ஒரு கோர நாடகம், ஒரு சிரிப்பு நாடகம் என மாற்றி மாற்றிப் போடுவார்கள். சூடும் குளிரும் மாறி மாறி ஊற்றிக் குளிப்பதைப் போல, ஒன்று மற்றதைக் கூர்மையாக்கும் என்பது கணக்கு. தமிழில் படிக்கிறவர் பாரிஸ் வரை போக வேண்டியதுகூட இல்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் அடும் பகுதியில் யானைக் கொம்பால் பல் துலக்குவதும், விலா எலும்பால் நாக்கு வழிப்பதும், குருட்டுப் பேய் முதல் கர்ப்பிணிப் பேய் வரை ஆள் பார்த்துப் பரிமாறுவதும் வருகின்றன. போர்க்களத்துப் பிணங்களின் நடுவே ஒரு பந்தி மரியாதை! அந்தச் சிரிப்புக்கும் வெலிங்டன் வீட்டுச் சாப்பாட்டு மேசைச் சிரிப்புக்கும் எந்திரம் ஒன்றே.

அருவருப்பு எப்போது சிரிப்பாகும்

படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால் நான்கு நிபந்தனைகள் தெரிகின்றன. நான்கும் ஒரே எடை உள்ளவை அல்ல.

1. அடிபடுகிறவருக்கு வலி இருக்கக் கூடாது. ஜாம்பி ஏற்கெனவே செத்தவர். தலை பாதியானாலும் நடக்கிறார், கை போனாலும் வருகிறார். விழுந்தவன் உடனே எழுந்துவிடுவான் என்ற ஸ்லாப்ஸ்டிக் உத்தரவாதத்தைச் சாவே கொடுத்துவிடுகிறது. படம் தடுமாறும் இடமும் இதுதான்: விருந்துக்கு வந்தவர்கள் உயிரோடிருக்கையில் கிழிபடும் சில நிமிடங்களில் அலறல் நிஜ அலறலாகக் கேட்கிறது. வேகம்தான் அங்கே காப்பாற்றுகிறது.

2. யாராவது ஒருவர் மரியாதையைக் காப்பாற்றப் பாடுபட வேண்டும். இதுதான் படத்தின் உயிர்நாடி. மாதர் நலச் சங்கத் தலைமையோடு தொடர்புடையவர்கள் மதிய உணவுக்கு வருகிறார்கள். வேராவின் தோல் உரிந்து வருகிறது. லயனல் அதைப் பசை போட்டு ஒட்டி அனுப்புகிறான். மேசையில் அவள் காது கஸ்டர்டுக்குள் விழுகிறது. அவளே அதைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிறாள். விருந்தாளி ஒருவர் எதையும் கவனிக்காமல் கஸ்டர்டைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார். சிரிப்பு காதில் இல்லை, “யாரும் பார்த்துவிடக் கூடாதே” என்ற லயனலின் முகத்தில் இருக்கிறது. கதையை 1957க்குத் தள்ளியதன் பலனும் இங்கேதான். ராணியின் படத்தோடு, நாட்டுப் பண்ணோடு தொடங்கும் இந்தப் படத்தில், அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்ற பயம் ஜாம்பி பயத்தைவிடப் பெரியது.

3. அளவு படிப்படியாக ஏற வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் ரத்தம் சொட்டு, பீறல், குட்டை என்ற அளவிலேயே நிற்கிறது. கல்லறையிலும் நிலவறையிலும் ஒரு படி ஏறுகிறது. விருந்தில் அணை உடைகிறது. தொடக்கத்திலேயே அணையை உடைத்திருந்தால் கடைசி அரை மணி வெறும் சிவப்பாக இருந்திருக்கும்.

4. உறுப்புகளுக்குத் தனி மனம் வேண்டும். ஒருவரிடமிருந்து பிரிந்த குடல் தானாக ஊர்ந்து லயனலைத் துரத்துகிறது. குடல் ஒரு பாத்திரமாகிவிட்ட பிறகு அதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை.

ரத்தத்தின் அளவு மட்டும் போதாது என்பதற்கு ஓர் ஒப்பீடு. கடைசிக் காட்சிக்கு ‘பிரெயின்டெட்’ செலவழித்ததாகச் சொல்லப்படுவது 300 லிட்டர். 2023இல் வந்த ‘ஈவில் டெட் ரைஸ்’ படத்துக்கு 6,500 லிட்டர் ஆனதாக அதன் இயக்குநர் லீ க்ரோனின் சொல்லியிருக்கிறார். இருபது மடங்குக்கும் மேல். ஆனால் அது பயமுறுத்துகிற படம், ஏனென்றால் அங்கே ரத்தம் சிந்துகிறவர்கள் அன்புக்குரிய உயிருள்ளவர்கள். முதல் நிபந்தனை அங்கே இல்லை.

300 லிட்டர் என்றால் என்ன: ரத்தக் கணக்கு

வளர்ந்த மனித உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். 300 லிட்டர் என்பது 60 பேரின் மொத்த ரத்தம், ஒரே வீட்டின் ஒரு கூடத்தில்.

சினிமா ரத்தத்துக்குப் பாடநூல் போன்ற ஒரு கலவை உண்டு. ‘காட்ஃபாதர்’, ‘டாக்ஸி டிரைவர்’ படங்களின் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் வகுத்தது. ஒரு தடவைக்கான அளவு:

- நிறமற்ற கார்ன் சிரப்: 1 குவார்ட், அதாவது சுமார் 950 மி.லி.
- சிவப்பு உணவுச் சாயம்: சுமார் 60 மி.லி.
- மஞ்சள் உணவுச் சாயம்: 5 தேக்கரண்டி
- மெத்தில் பாராபென்: 1 தேக்கரண்டி. கலவை கெடாமல் இருக்க.
- கோடாக் ஃபோட்டோ-ஃப்ளோ: சுமார் 60 மி.லி. ஃபிலிம் கழுவிக் காயவைக்கையில் நீர்த்திட்டு படியாமலிருக்கப் பயன்படும் திரவம். தோலிலும் துணியிலும் ரத்தம் முத்து முத்தாக நிற்காமல் பரவ உதவும்.

ஃபோட்டோ-ஃப்ளோ நஞ்சு. வாயில் வரும் ரத்தத்துக்கு அதைச் சேர்க்கவே கூடாது. அதற்குத் தனிக் கலவை செய்து, பாத்திரத்தின் மேல் எழுதி ஒட்டித் தனியே வைக்க வேண்டும்.

மஞ்சள் எதற்கு என்று கேட்கலாம். சிவப்புச் சாயத்தை மட்டும் போட்டால் விளக்கொளியில் இளஞ்சிவப்பாக, ரோஸ்மில்க் போலத் தெரியும். மஞ்சள் அதைச் செங்கல் பக்கம் இழுக்கிறது.

‘பிரெயின்டெட்’ குழு இதே கலவையைத்தான் பயன்படுத்தியது என்பதல்ல, ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க இது உதவும். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 1.1 லிட்டர் கிடைக்கும். 300 லிட்டருக்குச் சுமார் 273 மடங்கு பெருக்க வேண்டும். சிவப்புச் சாயம் மட்டும் 16 லிட்டருக்கு மேல். இந்த அளவுக்குப் போனதும் சமையலறை வேலை குழாய் வேலையாக மாறிவிடுகிறது. தவறுகளும் அங்கேதான் தொடங்குகின்றன:

1. கெட்டியான சிரப் குழாயில் ஓடாது. நீர் சேர்த்தால் ஓடும், ஆனால் திரையில் சர்பத்தாகத் தெரியும். பீச்சியடிக்கும் ரத்தம் ஒன்று, உடலில் வழியும் ரத்தம் ஒன்று என இரண்டு பதத்தில் வைப்பது வழக்கம்.

2. விளக்குச் சூட்டில் சிரப் காய்ந்து பிசினாகும். நடிகரின் சட்டை முதுகோடு ஒட்டும், செருப்பு தரையோடு ஒட்டும். மறு டேக் எடுப்பதற்குள் வெந்நீர்த் துணியோடு ஆள் நிற்க வேண்டும். அதே தரை ஈரமாக இருக்கும்போது கண்ணாடியாய் வழுக்கும்.

3. சுவரும் கம்பளமும் நனைந்த பிறகு பின்னால் போக முடியாது. சுத்தமான கூடம் வரும் ஷாட்கள் எல்லாவற்றையும் முதலில் எடுத்து முடித்தாக வேண்டும். மற்ற காட்சிகளை வசதிப்படி முன்பின்னாக எடுக்கலாம். ரத்தக் காட்சிக்குக் கதை வரிசைதான் அட்டவணை.

4. கையும் தலையுமாகப் பிய்ந்து வரும் உறுப்புகள் பெரும்பாலும் நுரை லேடெக்ஸ். ரப்பர் பாலை நுரைக்கும் பொருளோடு முட்டை வெள்ளைபோல அடித்து, இறுகச் செய்யும் பொருள் சேர்த்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். அறையின் சூடும் ஈரப்பதமும் கொஞ்சம் மாறினால் பாத்திரத்திலேயே இறுகிவிடும், அல்லது அச்சுக்குள் நுரை அடங்கித் தட்டையாகும். மலிவு மாற்றான ஜெலட்டின், விளக்குச் சூட்டில் உருகி வழியும்.

புல்வெட்டும் மெஷின்: காட்சியின் எலும்புக்கூடு

படத்தின் பெயர் சொன்னால் நினைவுக்கு வரும் காட்சி இது. லயனல் புல்வெட்டும் மெஷினை மார்போடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூடம் நிறைய நிற்கும் ஜாம்பிகளுக்குள் நடக்கிறான்.

ஏன் அந்தக் கருவி? வீட்டுத் தோட்டத்தில் தள்ளும் சுழல்வகை மெஷினில் கத்தி அடித்தட்டுக்குக் கீழே படுக்கையாகச் சுழலும். கைப்பிடியைப் பிடித்து நிமிர்த்தினால் அடிப்பக்கம் முன்னால் வந்துவிடும். கேடயமும் வாளும் ஒரே பொருளில். அதைவிட முக்கியம், புறநகர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை புல்லை ஒழுங்குபடுத்தும் பொருள் அது. நல்ல பிள்ளையின் கருவி. மரியாதை என்ற இரண்டாம் நிபந்தனை அங்கே கடைசியாக உடைகிறது.

இந்த மாதிரிக் காட்சியைக் கட்டும் முறை இது:

1. கத்தி கழற்றப்பட்ட அல்லது மென்மையான பொருளால் செய்த போலிக் கத்தி பொருத்திய மெஷின். என்ஜின் சத்தம் பிறகு சேர்க்கப்படும்.
2. மெஷினின் ஓரத்தில், கேமராவுக்கு மறுபக்கமாக, ரத்தக் குழாய். அழுத்தத் தொட்டியிலிருந்து வால்வு திறந்ததும் பீச்சும். ஜாம்பியிலிருந்து ரத்தம் வருவதுபோல் தெரிந்தாலும் வருவது மெஷினிலிருந்துதான்.
3. முன்வரிசையில் முன்கூட்டியே வெட்டுப்பட்ட பொம்மைகள், பின்வரிசையில் ஆட்கள். பொம்மை அசையாதிருப்பதைப் பின்னால் அசையும் கூட்டம் மறைத்துவிடும்.
4. வேகம் கூட்ட வேண்டிய ஷாட்டை நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 20இல் எடுத்தால், திரையில் 20 விழுக்காடு வேகமாக ஓடும். 18இல் எடுத்தால் 33 விழுக்காடு. அதற்கு மேல் போனால் ஊமைப்படத் துள்ளல் வந்துவிடும்.

அதன் பின் படத்தொகுப்பாளர் செய்வதுதான் சிரிப்பா அருவருப்பா என்பதை முடிவு செய்கிறது. ஒரு வெட்டு, அதன் விளைவு, அதைப் பார்க்கும் முகம்: இந்த மூன்றும் வரிசையாக வந்தால் சிரிப்பு. விளைவை எடுத்துவிட்டால் நகைச்சுவைத் துணுக்கின் கடைசி வரியைக் கிழித்துவிட்டது போலாகும்.

கத்தரி எங்கே விழுந்தது

அமெரிக்காவில் படத்துக்குத் தரச்சான்று வாங்குவது சட்டக் கட்டாயம் அல்ல. ஆனால் சான்று இல்லாத படத்தையும், அப்போது 17 வயதுக்குக் கீழானவரை அனுமதிக்காத ‘என்சி-17’ படத்தையும் பல பெரிய வீடியோ வாடகைக் கடைகள் அலமாரியில் வைத்ததில்லை. பெரியவர் துணையோடு பார்க்கலாம் என்ற ‘ஆர்’ சான்று இருந்தால்தான் வியாபாரம் நடந்தது. 1993இல் அங்கே படத்தை வெளியிட்ட டிரைமார்க் நிறுவனம் எதிர்கொண்டது இந்தச் சிக்கலைத்தான். பெயர் மாறியதற்கும் தணிக்கைக்கும் சம்பந்தமில்லை; ‘பிரெயின் டெட்’ என்று 1990இலேயே ஓர் அமெரிக்கப் படம் வந்திருந்தது.

ஆக மூன்று பதிப்புகள்:

- 104 நிமிடம்: நியூஸிலாந்து, பிரிட்டன் பதிப்பு. பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 18 வயதுச் சான்றோடு ஒரு வெட்டும் இல்லாமல் விட்டது. 1980களில் கோரப் படங்களின் வீடியோ கேசட்டுகளை வேட்டையாடிய நாடு, இதை அப்படியே விட்டது கவனிக்கத்தக்கது.
- 97 நிமிடம்: அமெரிக்காவின் சான்றில்லாப் பதிப்பு. படத்தின் குணம் மாறவில்லை.
- 85 நிமிடம்: வாடகைக் கடைகளுக்கான ‘ஆர்’ பதிப்பு. மூலத்தைவிட 19 நிமிடம் குறைவு.

அந்த 85 நிமிடத்தில்தான் விபத்து. வெட்டியது கோரத்தை என்று கத்தரி பிடித்தவர் நினைத்திருப்பார். வெட்டுப்பட்டது விளைவு ஷாட்கள், அதாவது சிரிப்பின் கடைசி வரிகள். அவற்றை எடுத்துவிட்டு மிச்சக் கதையைப் பாருங்கள்: கணவனைக் கொன்ற உண்மையை மகனிடம் மறைத்து வளர்த்த தாய், அவள் செத்த பின்னும் அவளிடமிருந்து விடுபட முடியாமல் நிலவறையில் வைத்து ஊட்டும் மகன். ரத்த வெள்ளத்தைக் கழித்துவிட்டால் இது மிகவும் துயரமான, மூச்சுமுட்டும் குடும்பக் கதை. அதைப் பார்த்துக் குமட்டாமல் என்ன செய்யும்?

ஜெர்மனியில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. முழுப் பதிப்பைப் பறிமுதல் செய்ய நீதிமன்றமே ஆணையிட்டது.

முழுப் பதிப்பில் எல்லாமே காக்கத் தகுந்தவை என்றும் சொல்ல முடியாது. எலிக்குரங்கைப் பிடிக்கும் தொடக்கக் காட்சியில் தீவுப் பழங்குடியினர் வெறும் கூச்சலிடும் கூட்டமாக வருகிறார்கள். பழைய சாகசப் படங்களைக் கிண்டல் செய்கிற நோக்கம் தெரிகிறது. ஆனால் அடி விழுவது அந்தப் படங்களின் மேல் அல்ல, அந்த மக்களின் மேல். அதற்கு ஒரு தணிக்கையாளரும் கத்தரி எடுத்ததாகத் தெரியவில்லை.

கையில் இருப்பது எந்தப் பதிப்பு

உறையில் எழுதியிருக்கும் நிமிடத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம். ஐரோப்பாவின் பழைய ‘பால்’ (PAL) முறை வீடியோவில் நொடிக்கு 25 பிரேம் ஓடும், ஃபிலிம் 24. எனவே ஒரு பிரேமும் வெட்டாமலேயே படம் 4 விழுக்காடு சுருங்கும். 24ஐ 25ஆல் வகுத்து நிமிடத்தோடு பெருக்கினால் விடை வரும்:

- 104 நிமிடப் பதிப்பு பால் வட்டில் சுமார் 100
- 97 நிமிடப் பதிப்பு சுமார் 93
- 85 நிமிடப் பதிப்பு சுமார் 82

ஆகவே ஐரோப்பிய வட்டில் 100 என்று கண்டால் வெட்டுப்பட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம், அதுதான் முழுப் படம். 93 என்று கண்டால் அமெரிக்கச் சான்றில்லாப் பதிப்பாக இருக்கலாம். 82, 85 இரண்டும் தவிர்க்க வேண்டியவை.

நீளம் சரியாக இருந்தும் படம் எடுபடாமல் போகும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. விஎச்எஸ் டேப்பில் ஒளி விவரம் சுமார் 240 கோடுகள் என்றால், நிற விவரம் 40 கோடுகள் அளவுதான். அந்தக் குறை சிவப்பில்தான் கண்ணை அதிகம் உறுத்தும். சிவப்பு ஓரம் தாண்டிக் கசிந்து பக்கத்துப் பொருளின் மேல் படரும். டேப்பிலிருந்து மாற்றிய பிரதிகளும் அந்தக் கசிவைச் சுமந்துதான் வருகின்றன. ஜாக்சன் தன் தொடக்க காலப் படங்களை மூல ஃபிலிமிலிருந்து 4கே தரத்தில் சீரமைக்கும் எண்ணத்தை 2018இல் சொன்னபோது ரசிகர்கள் துள்ளியது இதனால்தான். வேறு எந்தப் படமாக இருந்தாலும் பழைய டேப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். இதில் கடைசி அரை மணி நேரம் முழுக்கச் சிவப்பு. டேப்பில் அது ஒரே சேறாகிவிடுகிறது. எந்தக் கை யாருடையது, எந்தத் தலை இன்னும் கண் சிமிட்டுகிறது, குடல் எந்தப் பக்கம் ஊர்கிறது என்று தெரியாவிட்டால் சிரிக்க எதுவும் இருக்காது.